காட்டிலிருந்து அரங்குக்கு: மறக்கப்பட்ட ஒரு ஜேர்மன் இசைநாடகமும் றொபின் ஹூட் ஐதீகமும்

1879ஆம் ஆண்டு ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகரில் 'றொபின் ஹூட்' என்னும் இசைநாடகம் முதன்முறையாக மேடையேறியது. மூன்று அங்கங்களைக் கொண்ட இவ் ஓப்பராவுக்கு இசையமைத்தவர் அல்பேர்ட் டீட்ரிக். பாடல்நூலை ஆக்கியவர் றைன்ஹார்ட் மோசன். ஜேர்மன் அரங்குகளின் நிலையான நிரலில் அதற்கு இடங் கிடைக்கவில்லை. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2011இல் எர்பூர்ட் நகர அரங்கினர் அதனை மீண்டும் மேடைக்குக் கொணர்ந்தபோது அது ஒரு 'கண்டுபிடிப்பாகவே' கொள்ளப்பட்டது.

ஓர் இசைநாடகம் மறக்கப்படுவது வியப்புக்குரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜேர்மன் அரங்குகளில் அரங்கேறியவற்றுட் பெரும்பாலானவை இன்று பெயரளவிற்கூட அறியப்படாதவை. ஆயின் இங்கு நமது கவனத்தை ஈர்ப்பது ஒரு முரண்பாடாகும். றொபின் ஹூட் ஐதீகம் அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் நினைவில் நிலைத்து நிற்பது. வாய்மொழிப் பாடலாகவும், மலிவுப் பதிப்பாகவும், கூத்தாகவும், நாவலாகவும், திரைப்படமாகவும் அது புத்துயிர் பெற்றுவந்துள்ளது. இத்துணை உயிர்ப்புள்ள ஒரு கதைமாந்தன், தேர்ந்த இசைஞர் ஒருவரின் கையில் வந்தடைந்தபோது ஏன் நிலைக்காது போனான்? இவ்வினாவுக்கு இசையின் தரத்தை மாத்திரம் வைத்து விடைகாண முடியாது என்பதே நமது கருத்தாகும். கொள்ளையன் ஒருவனின் கதை யாருடைய கையில், யாருக்காக, எவ்வேளையில் சொல்லப்பட்டது என்பதை நோக்குதல் அவசியமாகிறது.

1

றொபின் ஹூட் வரலாற்றில் வாழ்ந்த ஒரு தனிமனிதனா என்ற ஆராய்ச்சி இங்கு நமக்கு வேண்டுவதன்று. அவனைப் பற்றிய பாடல்கள் இருந்தன என்பதற்கு இலக்கியச் சான்று ஏறத்தாழ 1377ஆம் ஆண்டளவிலேயே கிடைக்கிறது. லாங்லண்டின் 'பியேர்ஸ் பிளௌமன்' என்னும் நூலில் சோம்பல் என்னும் பாத்திரம், தன் செபங்களைச் சரிவர அறியாவிடினும் றொபின் ஹூட் பாடல்களைத் தான் அறிவதாகக் கூறுகிறது. நான்கு ஆண்டுகளின் பின்னர், 1381இல், இங்கிலாந்தின் பெரும் விவசாயிகள் எழுச்சி நிகழ்ந்தது. இவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்பு காட்டுவது கடினம். எனினும் இரண்டும் ஒரே காலத்தின் காற்றைச் சுவாசித்தவை என்பது மறுக்கவியலாதது.

1500ஆம் ஆண்டையொட்டி அச்சாகிய 'கெஸ்ட்' என்னும் நெடுங் கதைப்பாடலில் நாம் சந்திக்கும் றொபின் ஹூட், பிற்காலத்தவர் அறிந்த றொபின் ஹூட்டிலிருந்து பலவகையில் வேறுபட்டவன். அவன் பிரபு அல்லன்; 'யோமன்' எனப்படும் நடுநிலைப்பட்ட சுதந்திரக் குடியானவன். அக்கதைப்பாடலிற் காதலி மேரியன் இல்லை. சிங்கநெஞ்சன் றிச்சாட் மன்னனும் இல்லை. அதில் வரும் அரசன் எட்வேட் எனப்படுகிறான். யோர்க் நகரின் புனித மரியாள் மடத்துக்கு நானூறு பவுண் கடன்பட்டு நிலத்தை இழக்கும் நிலையிலுள்ள ஒரு வீரனுக்கு றொபின் பணங்கொடுத்து உதவுகிறான். இங்கு எதிரிகள் தெளிவாக அடையாளங் காட்டப்படுகின்றனர்: நிலத்தை விழுங்கும் மடாதிபதியும், சட்டத்தின் பெயரால் ஒடுக்கும் நொட்டிங்காம் ஷெரிப்பும். இறுதியில் அரசன் றொபினை மன்னித்துத் தன் சேவையில் ஏற்றுக்கொள்கிறான். ஆனால் அரசவையில் ஓராண்டுக்குச் சற்று மேலாக இருந்ததும் அவனால் அவ்வாழ்வைப் பொறுக்க இயலவில்லை. அவன் காட்டுக்கே திரும்பி, மேலும் இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கு வாழ்கிறான். இந்த இறுதிப் பகுதியை நாம் மனங்கொள்ள வேண்டும். நமது ஆய்வின் முடிவில் அது மீண்டும் தேவைப்படும்.

இக் கதைப்பாடல்களைக் கேட்டோர் யாவர் என்பது பற்றி இங்கிலாந்தின் வரலாற்றாசிரியரிடையே புகழ்பெற்ற விவாதமொன்று நடந்தது. றொட்னி ஹில்ற்றன் 1958இல் அவற்றை விவசாயிகளின் அதிருப்தியோடு இணைத்து விளக்கினார். ஜே. சி. ஹோல்ற் 1960இல் அதனை மறுத்து, நிலவுடைமையாளரின் இல்லங்களிலும் அவர்தம் பணியாளரிடையிலுமே அவை வளர்ந்தன என வாதிட்டார். விவாதம் எவ்வாறு முடிந்ததெனினும், ஒரே கொள்ளையனை இருவேறு வர்க்கத்தினர் தமதாக்கிக்கொள்ள முடிந்தது என்ற உண்மை அதனால் வெளிப்பட்டது.

பின்வந்த வரலாறு இத் தமதாக்கலின் வரலாறேயாகும். 1521இல் ஸ்கொத்லாந்து வரலாற்றாசிரியர் ஜோன் மேயர் றொபினை றிச்சாட் மன்னனின் காலத்தில் வைத்தார். 1598இல் அந்தனி மண்டே எழுதிய நாடகங்கள் அவனை ஹன்ரிங்டன் பிரபுவாக உயர்த்தின. குடியானவன் இவ்வாறு பிரபுவானான். மறுபுறத்தில், பிரெஞ்சுப் புரட்சியின் ஆதரவாளராகிய ஜோசப் றிற்சன் 1795இல் எல்லாப் பாடல்களையும் தொகுத்து வெளியிட்டபோது அவனைக் கொடுங்கோன்மையின் எதிரியாகக் கண்டார். 1819ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த வோல்ற்றர் ஸ்கொட்டின் 'ஐவன்கோ' நாவல் அவனுக்கு மூன்றாவது முகமொன்றை அளித்தது. அதில் அவன் லொக்ஸ்லி என்ற பெயருடன், நோர்மானிய ஆதிக்கத்தின்கீழ் நலிவுற்ற சாக்சன் மக்களின் வில்லாளியாகவும், திரும்பிவரும் உண்மை மன்னனின் விசுவாசியாகவும் தோன்றினான். ஐரோப்பியக் கண்டம் பெரிதும் அறிந்துகொண்டது இந்த மூன்றாவது முகத்தையே.

2

ஸ்கொட்டின் கொள்ளையன் ஜேர்மன் மண்ணை அடைந்தபோது அங்கு வெறுமை நிலவவில்லை. ஜேர்மனியருக்கு விலக்கப்பட்டவன் பற்றிய சொந்த மரபொன்று இருந்தது. சட்டத்தின் காப்பை இழந்தவனைச் சுட்டும் 'போகெல்பிறை' என்னும் ஜேர்மன் சொல்லின் நேர்ப்பொருள் பறவையைப் போல் விடுபட்டவன் என்பது. சட்ட வழக்கிலோ அது, எவர் கொன்றாலும் கேள்வியற்றவன், உடல் பறவைகளுக்கு இரையாக விடப்பட்டவன் என்றாயிற்று. விடுதலையும் அநாதரவும் ஒரே சொல்லில் அடங்கியுள்ளன. நிலத்திலிருந்து துரத்தப்பட்டு, விற்பதற்கு உழைப்பைத் தவிர வேறெதுவுமற்றுப்போன பாட்டாளியைக் குறிக்க 1867இல் 'மூலதனம்' நூலில் கார்ல் மார்க்ஸ் இதே சொல்லைக் கையாண்டமை தற்செயலானதன்று.

மேடையில் இம்மரபைத் தொடக்கிவைத்தது 1782 ஜனவரியில் மான்ஹைம் நகரில் அரங்கேறிய ஷில்லரின் 'கொள்ளையர்' நாடகம். அந்நாடகம் சமகாலத்தையே களமாகக் கொண்டு எழுதப்பட்டது. ஆனால் அரங்கின் தலைவராகிய டால்பேர்க், கதையை மத்திய காலத்தின் இறுதிக்குப் பின்தள்ளிய பின்னரே மேடையேற்றினார். நிகழ்காலக் கொள்ளையன் அபாயகரமானவன். மூன்று நூற்றாண்டுகளுக்கு முந்திய கொள்ளையன் பாதுகாப்பானவன். ஜேர்மன் அரங்கு கொள்ளையனைக் கையாண்ட முறைக்கு இது முன்னுதாரணமாயிற்று. எழுத்தாளனுக்கோ அத்தகைய பாதுகாப்புக் கிடைக்கவில்லை. வூட்டெம்பேர்க் கோமகன் எழுதத் தடைவிதித்ததால் ஷில்லர் அதே ஆண்டில் நாட்டைவிட்டு ஓடநேர்ந்தது.

மேடைக்கு வெளியிலும் கொள்ளையர் இருந்தனர். 'ஷிண்டர்ஹன்னஸ்' என மக்களால் அழைக்கப்பட்ட யொஹான்னஸ் பியூக்லர், றைன்லாந்தில் பிரெஞ்சு ஆட்சி நிலவிய காலத்தில், 1803 நவம்பரில், பத்தொன்பது கூட்டாளிகளுடன் மைன்ஸ் நகரில் தலைவெட்டப்பட்டான். அவனும் விரைவில் ஏழைகளின் வீரனாகப் பாடப்பட்டான். அவனிடம் பொருளிழந்தோருட் பலர் யூத வணிகர் என்பதை அப்பாடல்கள் பொருட்படுத்தவில்லை. கொள்ளையர் ஐதீகங்களை முற்போக்கானவை என்று எடுத்த எடுப்பில் ஏற்றுக்கொள்வோர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது காடு பற்றிய பிரச்சினை. விறகு பொறுக்குதலும் கால்நடை மேய்த்தலும் கிராம ஏழைகளின் வழக்காற்று உரிமைகளாயிருந்தன. காடு தனியுடைமையாகவும் விற்பனைப் பொருளாகவும் மாறியபோது அவ்வுரிமைகள் குற்றங்களாயின. 1836இல் பிரஷ்ய நாட்டில் தொடரப்பட்ட ஏறத்தாழ 207,000 குற்ற வழக்குகளில் 150,000 வழக்குகள் விறகுத் திருட்டும் பிற காட்டுக் குற்றங்களும் பற்றியவை. 1842இல் இளம் மார்க்ஸ் 'றைனிஷ் சைத்துங்' பத்திரிகையில் விறகுத் திருட்டுச் சட்டம் பற்றி எழுதிய கட்டுரைகள் இப்பின்னணியில் எழுந்தவை. பொருளாதாரப் பிரச்சினைகளின் பக்கம் தம்மைத் திருப்பியவற்றுள் அவ்விவாதமும் ஒன்று என அவரே பின்னர் குறிப்பிட்டார்.

இதே தசாப்தங்களிலேயே ஜேர்மன் றொமான்ரிக் இசைநாடகம் காட்டைத் தன் ஆன்மாவாகக் கொண்டாடியது. 1821இல் பேர்லினில் அரங்கேறிய வேபரின் 'டெர் பிறைஷூட்ஸ்' அதன் தலைசிறந்த படைப்பு. அதன் நாயகன் வனக்காவலருள் ஒருவன். அவன் வேண்டுவது பரம்பரை வனக்காவல் பதவியும் அதனோடு வரும் மணமகளும். களவாக வேட்டையாடியவனைக் கலைமானோடு பிணைத்துத் துரத்திய பழங்காலத் தண்டனை ஒரு முன்கதையாக மட்டும் அங்கு கூறப்படுகிறது. நீதிமன்றங்களில் நிரம்பி வழிந்த விறகு பொறுக்குவோர் அம்மேடைக் காட்டில் எங்கும் காணப்படவில்லை. காடு பாடியது, ஆனால் காட்டை நம்பி வாழ்ந்தோர் பாடவில்லை.

3

றொபின் ஹூட் ஜேர்மன் இசைநாடகத்தினுள் நுழைந்தது ஸ்கொட்டின் வாயிலாகவே. ஹைன்றிக் மார்ஷ்னர் இசையமைத்து, அவருடைய மைத்துனர் வில்ஹெல்ம் அவுகுஸ்ட் வோல்புறூக் பாடல்நூல் எழுதிய 'கோவில் வீரனும் யூதப்பெண்ணும்' 1829 டிசெம்பரில் லைப்சிக் நகரில் அரங்கேறியது. 'ஐவன்கோ'வைத் தழுவிய இவ் இசைநாடகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பெருவழக்காயிருந்தது. வாக்னர் இதனை நன்கறிந்தவர். இறுதியில் நிகழும் போர்வழித் தீர்ப்புக் காட்சியின் சாயலை அவரது 'லோகென்கிறின்' இசைநாடகத்தில் ஆய்வாளர் கண்டுள்ளனர்.

இதில் லொக்ஸ்லியும் அவனுடைய காட்டுத் தோழர்களும், குடித்துப் பாடும் துறவி ரக்கும் இடம்பெறுகின்றனர். ஆனால் நாடகத்தின் மையம் அவர்களல்லர். சூனியக்காரி எனக் குற்றஞ்சாட்டப்படும் றெபெக்காவும், அவள்மீது காமுற்றுச் சீரழியும் கோவில் வீரனுமே மையமாவர். கொள்ளையர் கோட்டையைத் தாக்குகின்றனர். உண்மை மன்னனுக்குத் துணைநிற்கின்றனர். பின்பு பின்னணிக்குச் செல்கின்றனர். சிதறுண்ட சிற்றரசுகளின் கீழ் வாழ்ந்த ஜேர்மன் மத்தியதர வர்க்கத்தினருக்கு, சட்டவிரோதச் சிற்றதிகாரிகளை அடக்கி நாட்டை ஒன்றாக்கும் நல்ல மன்னனின் வருகை தம் சொந்தக் கனவாகத் தோன்றியிருத்தல் கூடும். றிச்சாட் மன்னன் சிலுவைப்போரிலிருந்து திரும்பும் வழியில், 1192 முதல் 1194 வரை ஒஸ்திரிய, ஜேர்மன் கோட்டைகளிற் சிறையிருந்தவன் என்பதும் அக்கதையை அவர்களுக்கு அண்மையதாக்கியிருக்கும்.

இந்நாடகத்தின் பிற்கால வாழ்வு நமக்கு ஒரு செய்தியை உணர்த்துகிறது. 1837இல் வெளிவந்த றொபேர்ட் ஷுமானின் 'சிம்பொனிப் பயிற்சிகள்' என்னும் பியானோப் படைப்பின் இறுதிப் பகுதி இவ் இசைநாடகத்தின் ஒரு மெட்டை ஆதாரமாகக் கொண்டது. அப்படைப்பு ஆங்கில இசைஞர் வில்லியம் ஸ்டேண்டேல் பெனற்றுக்கு அர்ப்பணிக்கப்பட்டமையால் இங்கிலாந்தைப் போற்றும் பாடலொன்றின் மெட்டைத் தேர்ந்தமை பொருத்தமே. இன்று மார்ஷ்னரின் நாடகத்தைப் பார்த்தவர் மிகச் சிலர். எனினும் பியானோ அரங்குகளில் அம்மெட்டு இடையறாது ஒலிக்கிறது. அது சிங்கநெஞ்சனாகிய மன்னனின் புகழ் பாடும் மெட்டு. கொள்ளையரின் பாட்டு உதிர்ந்துபோக, மன்னனின் புகழ்ப்பாட்டே எஞ்சியது.

4

மார்ஷ்னரின் நாடகம் அரங்கேறிய அதே 1829ஆம் ஆண்டில், சாக்சனி நாட்டின் மைசன் நகருக்கு அண்மையில், கோல்க் என்னுமிடத்து வனக்காவல் இல்லமொன்றில் அல்பேர்ட் டீட்ரிக் பிறந்தார். காட்டை அவர் முதலிற் கண்டது காவலர் இல்லத்தின் யன்னல் வழியாகவே எனலாம். டிரெஸ்டனிலும் லைப்சிக்கிலும் பயின்ற அவர் 1851இல் டூசல்டோர்ப் சென்று ஷுமானின் மாணவரானார். 1853இல் அங்கு வந்த இளைஞர் பிராம்ஸ் அவருடைய வாழ்நாள் நண்பரானார். அவ்வாண்டு ஒக்டோபரில் வயலின் மேதை யோவாக்கிமுக்குப் பரிசாக ஷுமான், பிராம்ஸ், டீட்ரிக் ஆகிய மூவரும் இணைந்து ஒரு சொனாற்றாவை எழுதினர். அதன் முதற்பகுதி டீட்ரிக்குடையது. இன்று பெரும்பாலும் தனித்து வாசிக்கப்படுவது பிராம்ஸ் எழுதிய பகுதியே.

1855 முதல் பொன் நகரில் இசை இயக்குநராயிருந்த டீட்ரிக், 1861இல் ஒல்டென்பேர்க் பெருங்கோமகனின் அரசவை வாத்தியக்குழுத் தலைவரானார். 1890வரை அப்பதவியை வகித்தார். சிம்பொனி, வயலின் கொன்சேட்டோ முதலியன அங்கு இயற்றப்பட்டன. 1868இல் பிறேமன் பேராலயத்தில் பிராம்ஸின் 'ஜேர்மன் இரங்கலிசை' அரங்கேறுவதற்கு வழிசெய்தவர்களுள் அவரும் ஒருவர். பிராம்ஸ் பற்றி அவர் 1898இல் வெளியிட்ட நினைவு நூல் இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுகிறது. அவர் 1908இல் பேர்லினில் இறந்தார். அவருடைய பெயர் பிறருடைய வரலாறுகளின் அடிக்குறிப்புகளில் வாழ்ந்த அளவுக்குத் தன் படைப்புகளில் வாழவில்லை.

பாடலாசிரியர் றைன்ஹார்ட் மோசன் ஒல்டென்பேர்க் நூலகத்தில் பணிபுரிந்தவர். அவருடைய தந்தை யூலியுஸ் மோசன் அந்நகர அரசவை அரங்கின் நாடக ஆலோசகர். 1809இல் தீரோல் மலைநாட்டு விவசாயிகளைத் திரட்டி, நெப்போலியனுக்கும் அவனுடைய பவேரிய நேசர்களுக்கும் எதிராகப் போராடி, அடுத்த ஆண்டு மாந்துவாவில் சுட்டுக்கொல்லப்பட்ட அந்திரேயாஸ் ஹோபர் பற்றிய புகழ்பெற்ற பாடலை யாத்தவரும் அவரே. தந்தையின் பாடல் பின்னர் தீரோல் மாநிலத்தின் கீதமாயிற்று. மகனின் கொள்ளையன் மறக்கப்பட்டான். இரண்டினதும் வேறுபாடு கவித்திறனில் மட்டும் அமைந்ததன்று. தந்தை பாடியது தன் தலைமுறை நினைவிற்கொண்டிருந்த ஒரு கிளர்ச்சியை. அதைப் பாடுவதற்கு ஒரு மக்கள்திரள் இருந்தது. மகன் பாடியது நூல்வழி வந்த ஓர் ஐதீகத்தை.

நூல்வழி என்பதை விளக்குதல் வேண்டும். 1864இல் அனஸ்தாசியுஸ் குறூன் என்ற புனைபெயர் கொண்ட ஒஸ்திரியக் கவிஞர் பழைய ஆங்கிலக் கதைப்பாடல்களை 'றொபின் ஹூட்' என்னும் தொகுதியாக ஜேர்மன் மொழியில் வெளியிட்டார். 1848க்கு முந்திய தணிக்கைக் காலத்தில் தாராளவாதத்தின் குரலாக விளங்கியவர் அவர்; பிறப்பால் பிரபு. தோல்வியுற்ற புரட்சியின் தலைமுறைக்கு ஆங்கிலக் காடு ஒரு புகலிடமாயிற்று. ஸ்கொட்டின் நாவலுக்கு அப்பால், கதைப்பாடல்களின் றொபின் ஹூட்டையும் ஜேர்மன் வாசகர் அறிய இதனால் வழியேற்பட்டது.

இனி, அரங்கேறிய காலத்தை நோக்குவோம். 1866வரை சுதந்திர நகராயிருந்த பிராங்க்பேர்ட், அவ்வாண்டு பிரஷ்யாவால் இணைக்கப்பட்டது. 1871இல் பேரரசு நிறுவப்பட்டது. 1878 ஒக்டோபரில் பிஸ்மார்க்கின் அரசு சமூக ஜனநாயகவாதிகளுக்கு எதிரான சட்டத்தை நிறைவேற்றியது. தொழிலாளர் சங்கங்களும் பத்திரிகைகளும் தடைசெய்யப்பட்டன. பேர்லினிலிருந்து இயக்கத்தினர் வெளியேற்றப்பட்டனர். அரசு தன் மக்களுள் ஒரு பகுதியினரையே சட்டத்தின் காப்புக்குப் புறம்பாக்கிக்கொண்டிருந்த அதே வேளையில், சட்டத்துக்குப் புறம்பான ஒருவன் பிராங்க்பேர்ட் மேடையில் நாயகனாகப் பாடினான். டீட்ரிக்கோ மோசனோ இவ்வொப்புமையை நாடினர் என்று நாம் கூறவில்லை. ஒரு சிற்றரசின் சம்பளம் பெற்ற இசைத்தலைவரும் நூலகத்தாரும் கிளர்ச்சியைக் கருதி எழுதியிருப்பர் என எதிர்பார்ப்பதும் பொருந்தாது. ஒப்புமையை எவரும் அஞ்ச வேண்டியிராத அளவுக்கு றொபின் ஹூட் அக்காலத்திற் பாதுகாப்பானவனாகியிருந்தான் என்பதே கவனிக்கத்தக்கது. 1782இல் டால்பேர்க் வலிந்து செய்யவேண்டியிருந்ததை, 1879இல் காலமே செய்துமுடித்திருந்தது.

5

மறதிக்கான காரணங்களை இப்போது தொகுத்து நோக்கலாம். முதலாவது காரணம் இசை வரலாற்றைச் சார்ந்தது. 1876இல் பைரோய்த் விழாவரங்கில் வாக்னரின் 'நிபெலுங் மோதிரம்' முழுமையாக அரங்கேறிய பின்னர், ஜேர்மன் இசைநாடகம் என்பதன் பொருளே மாறியது. மறுபுறம், வாக்னர் அணியை எதிர்த்து 1860இல் அறிக்கை விடுத்த பிராம்ஸ், யோவாக்கிம் முதலியோரின் அணி வாத்திய இசையிலேயே தன் வலிமையைக் கண்டது. பிராம்ஸ் இசைநாடகம் எதனையும் எழுதவில்லை. ஷுமானின் ஒரே இசைநாடகமாகிய 'கெனொவேவா' 1850இல் லைப்சிக்கில் வரவேற்பின்றிப் போயிற்று. ஷுமானின் பள்ளியிலிருந்து இசைநாடகம் எழுத முனைந்த டீட்ரிக், இரு அணிகளுக்கும் இடைப்பட்ட வெளியில் நின்றார். ஓரணிக்கு அவர் பழமைவாதி. மற்றையதற்கு அவர் தேர்ந்த துறை அந்நியமானது.

இரண்டாவது காரணம் நிறுவனம் சார்ந்தது. சிற்றரசுகளின் எண்ணிறந்த அரங்குகள் ஜேர்மன் இசைநாடகத்தின் பெரும் வளமாயிருந்தன. ஒவ்வோர் அரசவையும் தன் இசைஞரின் படைப்பை மேடையேற்றியது. அயலவை அதனைக் கடன்பெற்றது. பேரரசின் ஒருமைப்பாட்டோடு பெருநகர அரங்குகளும், எங்கும் ஒரேவகையான நிரலும் மேலோங்கின. பிராங்க்பேர்ட் தன் பிரமாண்டமான புதிய இசைநாடக மனையை 1880இல், 'றொபின் ஹூட்' அரங்கேறிய மறு ஆண்டில், திறந்துவைத்தது. சிறிய அரசவையின் இசைஞர் ஒருவருக்குப் புதிய சந்தையில் நிலைப்பது எளிதாயிருக்கவில்லை.

மூன்றாவது காரணமே நமது நோக்கில் முதன்மையானது. எரிக் ஹொப்ஸ்போம் 1959இலும் 1969இலும் எழுதிய நூல்களில் 'சமூகக் கொள்ளையர்' என்ற கருத்தை விளக்கினார். விவசாயச் சமூகங்களில் இத்தகைய கொள்ளையன் அரசனை எதிர்ப்பதில்லை; அரசனுக்கும் மக்களுக்கும் இடைப்பட்ட ஒடுக்குவோரையே எதிர்க்கிறான் என்பது அவரது அவதானம். அதாவது மன்ன விசுவாசம் கதையினுள்ளேயே இருக்கிறது. அது பிற்காலத்தவர் ஒட்டிய ஒட்டன்று. ஆயினும் பழைய கதைப்பாடலில் அவ்விசுவாசத்துக்கு எதிரீடாக ஷெரிப்பும் மடாதிபதியும் கடனும் நிலமும் இருந்தன. பாடியவனும் கேட்டவனும் அவற்றை அன்றாடம் அனுபவித்தனர். பேரரசு காலத்துப் பிராங்க்பேர்ட்டின் அரங்கப் பார்வையாளருக்கோ ஷெரிப் ஓர் ஆடையலங்காரம். காடு வண்ணந்தீட்டிய திரை. எதிரி பொய்யாகும்போது வீரனும் பொய்யாகிறான். மன்னனும் பேரரசனும் நிகழ்காலத்திற் கிடைத்துவிட்ட பின்னர், 1829இல் அக்கதைக்கு இருந்த ஏக்கமுங்கூட 1879இல் எஞ்சவில்லை.

6

இவ்வாறு கூறுவதனால் டீட்ரிக்கின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடுவதாகக் கொள்ளலாகாது. 2011இன் மீள்மேடையேற்றம் வரவேற்கத்தக்கதே. பெரும் பெயர்களால் மட்டும் எழுதப்படும் இசை வரலாறு, வென்றோர் எழுதும் அரசியல் வரலாற்றைப் போன்றது. வாக்னருக்கும் பிராம்ஸுக்கும் இடையில் உழைத்த பலரை மீட்டெடுத்தாலன்றி அக்காலத்தை நாம் முழுமையாக அறியமுடியாது. ஆயின் மீட்டெடுப்போர் 'இது அழகியதா?' என்ற வினாவோடு நின்றுவிடாது, 'இது யாருக்கு வேண்டியிருந்தது, பின்பு யாருக்கு வேண்டாததாயிற்று?' என்ற வினாவையும் எழுப்புதல் வேண்டும்.

மீள்மேடையேற்றம் நிகழ்ந்த எர்பூர்ட் நகருக்கு வேறொரு நினைவும் உண்டு. சமூக ஜனநாயகவாதிகளுக்கு எதிரான சட்டம் 1890இல் காலாவதியான பின்னர், பன்னிரண்டு ஆண்டுகள் சட்டத்துக்குப் புறம்பாக வாழ்ந்த அக்கட்சி 1891இல் அந்நகரிலே கூடித் தன் வேலைத்திட்டத்தை வகுத்தது. இது தற்செயலான ஒற்றுமையே. எனினும் மேடைக்கு வெளியே விலக்கப்பட்டிருந்தோர் வரலாற்றுள் திரும்பிவந்த நகரில், மேடையின் விலக்கப்பட்டவனும் ஒரு நூற்றாண்டுக்குப் பின் திரும்பிவந்தான்.

பழைய கதைப்பாடலின் றொபின் ஹூட் அரசவையில் ஓராண்டு சொச்சமே தங்கினான். பின்பு காட்டுக்குத் திரும்பினான் என முன்னர் கண்டோம். அத்திரும்புதலே அவனை வாழவைத்தது. ஒவ்வொரு தலைமுறையும் தனக்குரிய ஷெரிப்பை அவனுக்கு எதிரில் நிறுத்த அதனாலேயே முடிந்தது. ஜேர்மன் றொமான்ரிக் மேடையில் அவன் அரசவைக்கு வந்தான், அங்கேயே தங்கிவிட்டான். அரசவைகள் மறைந்தபோது அவன் திரும்பிச் செல்வதற்கு ஒரு காடு அங்கு இருக்கவில்லை.